பிள்ளையில் நாம் காண்பது யாரை? அம்மா, அப்பாமார் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் முன்பள்ளிப் பெற்றோர் கூட்டங்களிலும் கிளினிக் வாங்குகளிலும் உட்கார்ந்து, பெரியவர்கள் தங்கள் பழைய உணர்வுகளைத் தெரியாமலே பிள்ளை மேல் ஏற்றிவிடுவதைப் பற்றி, அதாவது புறத்தெறிதலைப் பற்றிப் பேசுவது என் வேலையின் ஒரு பகுதி. வாவிக்கு மேற்கே படுவான்கரையிலும் கிழக்கே எழுவான்கரையிலும், கோயிலடியிலும் பள்ளிவாசலடியிலும் கேள்விகள் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒவ்வொரு தடவையும் வாயால் சொல்லிக்கொண்டிருப்பதை விட எழுதிவைப்போம் என்று தோன்றியது. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். ஆளை அடையாளம் காட்டும் விபரங்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

"என்ட மகனுக்கு ரெண்டு வயசு. என்னைக் கணக்கெடுக்கிறதே இல்ல, வேணுமெண்டே சோத்தைக் கொட்டுறான். இதுக்கும் நீங்க சொல்ற புறத்தெறிதலுக்கும் என்ன சம்பந்தம்?"

கோப்பையைக் கவிழ்த்தால் சத்தம் வரும், சோறு சிதறும், அம்மா ஓடி வருவார். இரண்டு வயதில் இதெல்லாம் பெரிய கண்டுபிடிப்பு. ஒருவரைக் கணக்கெடுக்காமல் அவமதிக்க வேண்டுமென்றால் அதற்கு ஒரு திட்டம் வேண்டும், அந்தத் திட்டம் போடும் மூளை இன்னும் வளரவில்லை. அப்படியென்றால் உங்களைக் கணக்கெடுக்காத அந்த ஆள் யார் என்று கேட்டேன். அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "என்ட பெரியண்ணன்" என்றார்.

புறத்தெறிதல் என்பது இதுதான். நமக்குள் இருக்கிற, வைத்துக்கொள்ள விருப்பமில்லாத ஓர் உணர்வையோ, முன்பு நம் வாழ்க்கையில் இருந்த ஒருவரின் முகத்தையோ இன்னொருவர் மேல் ஏற்றிவிட்டு, அது அவரிடமிருந்தே வருகிறது என்று நம்புவது. ஃபிராய்ட் தொடங்கிவைத்த உளப்பகுப்பாய்வு மரபில், அதாவது மனதின் ஆழத்தைப் பேச்சின் வழியே ஆராயும் முறையில், வந்த சொல். கணவன் மேல் ஏற்றினால் அவர் திருப்பிக் கேட்பார். சின்னப் பிள்ளை கேட்காது. தான் யார் என்று அது இன்னும் சொல்லத் தொடங்கவில்லை, அதனால் யாரையும் ஏற்றலாம்.

"நான் அப்படி நினைச்சதே இல்லையே. நினைக்காத ஒண்டை எப்படிச் செய்வன்?"

நினைத்துச் செய்தால் அது வேறு பெயர். இது நனவிலி மனதில் நடப்பது, உள்ளே தேடிப் பார்த்தால் தெரியாது. வெளியே தடம் மட்டும்தான் கிடைக்கும். மூன்று தடங்களை நான் சொல்வதுண்டு. நடந்தது சின்னது, வந்த கோபம் பெரியது. பிள்ளையைப் பற்றிப் பேசும்போது ஒரே சொல் திரும்பத் திரும்ப வருகிறது: "கள்ளன்", "சனியன்", "நடிக்கிறாள்". அப்புறம், ரீச்சரும் பக்கத்து வீட்டாரும் சொல்லும் பிள்ளை ஒன்று, நீங்கள் சொல்லும் பிள்ளை வேறொன்று.

"எங்கட வீட்டில பிள்ளை எது செய்தாலும் 'அப்பன்ட புத்தி' எண்டுதான் சொல்லுவம். எல்லா ஊரிலயும் சொல்றதுதானே, அதில என்ன பிழை?"

எல்லா ஊரிலும் சொல்வதுதான். ஆனால் எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரு விசேஷம் இருக்கிறது. இங்கே கல்யாணம் முடித்து மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். குடி என்ற குலப்பிரிவு தாய்வழி, வீடு மகளுக்கு. தமிழ் வீட்டிலும் முஸ்லிம் வீட்டிலும் இதுதான் வழமை. ஆகவே வீட்டுக்குள் அம்மம்மா, அம்மா, சித்தி எல்லோரும் ஓர் இரத்தம், வெளியிலிருந்து வந்த ஒரே ஆள் அப்பா. வீட்டில் யாருக்கும் சொந்தம் கொண்டாட விருப்பமில்லாத குணங்கள் எல்லாம், சோம்பல், பொய், கோபம், போய் நிற்கும் இடம் அவர். அவர் வேலைக்குப் போய்விட்டால் அவர் சாயலில் இருக்கிற பிள்ளை.

ஒருநாள் சொன்னால் ஒன்றும் ஆகாது. தினமும் சொன்னால், பிள்ளைக்கு அந்த வீட்டில் ஒரு வேலை கொடுத்தாகிவிட்டது: குடும்பத்தின் கெட்டதைச் சுமப்பது. ஐந்து வயதில் அந்த வேலையை நன்றாகவே செய்யப் பழகிவிடும். பிறகு "பார்த்தீங்களா, நான் சொன்னதுதானே" என்று நாமே சொல்வோம்.

"நான் கெட்டது ஒண்டும் ஏத்தல்ல. 'என்ட மகள் டொக்டர்தான்' எண்டு சின்னதிலேயே சொல்லிச் சொல்லி வளர்க்கிறன். அதுவும் பிழையா?"

அதுவும் புறத்தெறிதல்தான், இனிப்புத் தடவியது. 1914இல் சுயமோகம் பற்றி எழுதிய கட்டுரையில் ஃபிராய்ட் இதைத்தான் சொன்னார்: பெற்றோர் தாங்கள் கண்டு நிறைவேறாத கனவுகளைப் பிள்ளை நிறைவேற்ற வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள், வாழ்க்கையின் நோயும் சாவும் கட்டுப்பாடும் இந்தப் பிள்ளையை மட்டும் தொடாது என்று கற்பனை செய்கிறார்கள். அவர் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. அந்த மயக்கம் இல்லாவிட்டால் இரவு மூன்று மணிக்கு எழும்பிப் பால் கொடுக்க யாருக்கு மனம் வரும்?

சிக்கல் எங்கே தொடங்குகிறது என்றால், பிள்ளை வேறு ஏதாவது காட்டும்போது. முன்பள்ளியில் மண்ணில் விளையாடிவிட்டு வருகிற நாலு வயது மகளிடம் புலமைப்பரிசில் பரீட்சையைப் பற்றிப் பேசுகிற அப்பாமாரை நான் பார்த்திருக்கிறேன். அதில் பெரும்பாலானவர்கள் சண்டைக் காலத்தில் படிப்பைப் பாதியில் விட்டவர்கள். அவர்கள் பரீட்சைக்கு அனுப்பப் பார்ப்பது பத்து வயதில் இருந்த தங்களைத்தான். அந்தப் பிள்ளைக்கு இடம் கொடுத்ததில் மகளுக்கு இடம் இல்லாமல் போகிறது.

"கைக்குழந்தைக்கு இதெல்லாம் எங்க விளங்கப்போகுது?"

சொல் விளங்காது, முகம் விளங்கும். 1970களில் எட் ட்ரொனிக் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். அம்மா பிள்ளையோடு சிரித்து விளையாடிவிட்டு, இரண்டு மூன்று நிமிடம் முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பிள்ளை சிரித்துப் பார்க்கும், கையை நீட்டும், சத்தம் போடும், கடைசியில் முகத்தைத் திருப்பிச் சோர்ந்துவிடும். சில மாதக் குழந்தைகள்தான். வினிக்கொட் என்ற ஆங்கிலேயக் குழந்தை மருத்துவர் 1967இல் எழுதியது இதோடு சேரும்: தாயின் முகத்தைப் பார்க்கும் குழந்தை அங்கே தன்னையே பார்க்கிறது. முகத்தில் பயம் இருந்தால் தான் பயப்பட வேண்டிய ஒன்று என்று எடுத்துக்கொள்ளும்.

பியோன் என்ற உளப்பகுப்பாய்வாளர் 1962இல் இதையே சமிபாட்டோடு ஒப்பிட்டார். என் பாணியில் சொல்கிறேன். வாவி மீனைச் சின்னப் பிள்ளைக்கு எப்படி ஊட்டுவோம்? முள்ளை எடுத்து, சோற்றோடு பிசைந்து, சின்ன உருண்டையாக. குழந்தையின் பயமும் அப்படித்தான், அது அழுது அம்மாவிடம் தருகிறது, அம்மா முள்ளை எடுத்துத் திருப்பித் தருகிறார்: "ஒண்டும் இல்ல மகன், இடி இடிக்குது". புறத்தெறிதல் கூடிப்போன வீட்டில் நடப்பது தலைகீழ். பெரியவர் தன் முள்ளைப் பிள்ளையின் வாயில் வைக்கிறார். தனக்குள் வேண்டாததை இன்னொருவருக்குள் தள்ளிவிடுவது பற்றி மெலனி கிளைன் என்ற உளப்பகுப்பாய்வாளர் 1946இல் விளக்கிய கருத்தை இங்கே சேர்த்துப் பார்க்கலாம். நாம் ஏற்றியது நம் தலைக்குள் நிற்பதில்லை, மற்றவரை அதுபோலவே நடக்கவைக்கவும் செய்கிறது என்பது அவருக்குப் பின் வந்தவர்கள் அதிலிருந்து விரித்தெடுத்தது. "அப்பன்ட புத்தி" கேள்வியில் சொன்னது நினைவிருக்கும்.

"சுனாமி வந்தப்ப எனக்கு ஆறு வயசு, கடற்கரைப் பக்கம்தான் வீடு. இப்ப என்ட மகள் வீரிட்டு அழுதா எனக்குக் கைகால் விறைக்குது, தூக்க ஏலாது. மத்தவங்க ஓடிப் போய்த் தூக்கிறாங்க. நான் கெட்ட தாயா?"

இல்லை. இந்தக் கேள்வி வரவர அதிகமாக வருகிறது. 2004 டிசம்பர் 26இல் ஐந்து, ஆறு, ஏழு வயதாக இருந்தவர்கள் இப்போது தாய் தகப்பனாகிக்கொண்டிருக்கும் காலம் இது. நாவலடி, மருதமுனை, காரைதீவு, எங்கே போனாலும்.

1975இல் செல்மா ஃபிரைபர்க் என்ற உளப்பகுப்பாய்வாளரும் அவரோடு வேலை செய்த இருவரும் ஒரு கட்டுரை எழுதினார்கள். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் நடந்தது. ஐந்தரை மாதக் குழந்தை வீரிட்டு அழுகிறது, பக்கத்தில் இருக்கிற தாய்க்கு அது கேட்காதது போலவே இருக்கிறது. அந்தத் தாய் சின்ன வயதிலேயே தாயை இழந்தது போல், உறவினர் கைகளில் வளர்ந்தவர். குழுவினர் "பிள்ளையைத் தூக்குங்க" என்று புத்தி சொல்லவில்லை. வீட்டுக்கே போய் உட்கார்ந்து, அவர் அழாமல் வைத்திருந்த அழுகையைக் கேட்டார்கள். அவர் அழத் தொடங்கிய பிறகு, யாரும் சொல்லாமலே பிள்ளையை வாரி எடுத்து அணைத்தார். கதவு திறந்துகொண்டு பிள்ளையின் அறைக்குள் வந்து நிற்கிற பழைய ஆட்களை ஃபிரைபர்க் ஆவிகள் என்று அழைத்தார். ஆவி என்றதும் நூல் கட்ட ஓட வேண்டாம், அது உவமை.

உங்கள் விறைப்பும் அப்படி ஒரு கதவாக இருக்கலாம். மகளின் சத்தத்தோடு அன்றைக்குக் கேட்ட சத்தங்களும் சேர்ந்து வருகின்றன, ஆறு வயதுப் பிள்ளை ஒன்றும் செய்ய ஏலாமல் நின்றது போலவே உங்கள் கைகளும் நிற்கின்றன. தூக்காமல் இருப்பது அன்புக் குறைவால் வந்ததல்ல. அந்த ஆறு வயதுப் பிள்ளையை யாராவது உட்கார்ந்து கேட்டார்களா என்று மட்டும் யோசித்துப் பாருங்கள். நான் கேட்ட பலருக்கு அன்றைக்கு நிவாரணப் பொதி கிடைத்தது, கூடாரம் கிடைத்தது, "அழாத புள்ள" என்ற சொல்லும் கிடைத்தது. (இப்படியான விறைப்பு அடிக்கடி வந்தால் கடைசிக் கேள்வியில் சொல்லியிருக்கும் இடங்களுக்குக் கட்டாயம் போங்கள். இது பேச்சோடு மட்டும் விட வேண்டியதல்ல.)

"எங்கட வாப்பா பெல்ட்டால அடிச்சுத்தான் வளர்த்தார். இப்ப நினைச்சா சிரிப்பாத்தான் வருது. நானும் நல்லாத்தானே இருக்கன்?"

அந்தச் சிரிப்பைத்தான் நான் கவனிப்பேன். ஃபிரைபர்க்கின் கட்டுரையில் எனக்கு மிகப் பெறுமதியான இடம் இதுதான். கொடுமையில் வளர்ந்த எல்லோரும் அதைத் தங்கள் பிள்ளைக்குச் செய்வதில்லை. வித்தியாசம் எங்கே என்று அவர் தேடினார். என்ன நடந்தது என்பது இரண்டு சாராருக்கும் நினைவிருந்தது, திகதி, பெல்ட், அடி எல்லாம். திருப்பிச் செய்கிறவர்களுக்கு மறந்திருந்தது அந்த நேரத்து உணர்வு: வலி, பயம், வெட்கம். அதை நினைவு வைத்திருந்தவர்கள், "என் பிள்ளைக்கு இது வேண்டாம்" என்று நின்றார்கள். உணர்வை மறந்தவர் அடிபட்ட பக்கத்தை விட்டு அடித்தவர் பக்கம் போய்ச் சேர்ந்துகொள்கிறார். ஃபிராய்டின் மகள் அனா ஃபிராய்ட் 1936இலேயே அதற்கு ஒரு பெயர் வைத்திருந்தார், தாக்கியவரோடு தன்னை ஒன்றாக்கிக்கொள்ளுதல் என்று.

ஆகவே சிரிப்புக் கதையை இன்னொரு தடவை மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். எந்த அறை, என்ன நேரம், வாசலில் யார் நின்றார்கள், அவர்கள் ஏன் வரவில்லை. என்னிடம் ஒருவர் அப்படிச் சொல்லத் தொடங்கி, "உம்மா குசினிக்குள்ளதான் நிண்டா" என்ற இடத்தில் நிறுத்திவிட்டார். அதற்குப் பிறகு சிரிக்கவில்லை.

"தம்பி செத்த அடுத்த வருசம் மகன் பிறந்தான். அதே மச்சம், அதே பார்வை. அம்மா 'அவன்தான் திரும்பி வந்திருக்கான்' எண்டு அவன்ட பேரையே வைச்சுட்டா. நாங்க சந்தோசமாத்தான் இருக்கம். இதில என்ன வரப்போகுது?"

இங்கே நான் கொஞ்சம் நிதானமாகவே பேசுவேன், ஏனென்றால் எத்தனையோ வீடுகள் இந்த நம்பிக்கையால்தான் எழும்பி நின்றன. சண்டை, கடல், காணாமல் போனவர்கள் என்று இழப்பு அடுக்கடுக்காக வந்த இடத்தில், திரும்பி வந்தான் என்று சொல்லித் தேறுவதை எந்தக் கோட்பாட்டை வைத்தும் நான் பறிக்க மாட்டேன். பெயர் வைப்பதும் எங்களிடம் பழைய வழக்கம்.

ஆனால் பிள்ளையின் பக்கத்திலிருந்தும் ஒருதரம் பாருங்கள். 1964இல் கெயின் தம்பதியர் இதைப் பற்றி எழுதினார்கள், இறந்த பிள்ளைக்கு ஈடாகப் பெறப்பட்ட பிள்ளைகளைப் பற்றி. செத்தவர் பிழை விடமாட்டார், வளரமாட்டார், எதிர்த்துப் பேசமாட்டார். அவரோடு போட்டி போட்டு யாரும் வெல்ல முடியாது. ஓவியர் வின்சென்ட் வான் கோவுக்கு ஒரு வருடம் முன்பு, 1852 மார்ச் 30இல், அதே பெயரில் ஓர் அண்ணன் செத்துப் பிறந்திருந்தார். இவர் பிறந்தது 1853 மார்ச் 30. தன் பெயர் எழுதிய கல்லறையைப் பார்க்கக்கூடிய ஊரில்தான் வளர்ந்தார்.

செய்யக்கூடியது சின்னது. மாமாவின் படத்தைக் காட்டி, "இது மாமா, நீ பிறக்க முதல் இருந்தார், நீ அவரைப் போல சிரிக்கிறாய்" என்று சொல்லலாம். "போல" என்ற அந்த ஒரு சொல் இருவருக்கும் தனித்தனி இடம் கொடுக்கிறது. அப்புறம், மாமாவுக்குப் பிடிக்காத ஒன்று இவனுக்குப் பிடித்திருந்தால் அதையும் வீட்டில் சொல்லிச் சிரியுங்கள். அம்மா அழுதால் அழட்டும், தம்பிக்காக அழ வேண்டிய அழுகை அது.

"குறிப்பில தகப்பனுக்கு ஆகாத பிள்ளை எண்டு இருக்கு. அதுக்கு என்ன சொல்றீங்க?"

சாத்திரத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் சொல்ல வராது. பிள்ளை பிறந்த வாரத்தில் தகப்பனுக்கு வேலை போனதா, மோட்டார் சைக்கிளில் விழுந்தாரா என்று மட்டும் கேட்பேன். அநேகமாக ஏதோ ஒன்று நடந்திருக்கும். அந்தப் பயத்துக்கு ஒரு முகம் தேவைப்பட்டது, தொட்டிலில் ஒன்று இருந்தது. பரிகாரம் செய்வதென்றால் செய்யுங்கள், ஆனால் செய்து முடித்த பிறகு அந்தக் கதையைப் பிள்ளையின் காதுபடச் சொல்வதை நிறுத்துங்கள்.

"ரெண்டு வருசம் கட்டாரில இருந்துட்டு வந்தன். மகள் என்னைக் கண்டு அம்மம்மாவுக்குப் பின்னால ஒளியிறாள். என்னைத் தண்டிக்கிறாள் போல. நான் போனது அவளுக்காகத்தானே?"

மூன்று வயதுப் பிள்ளைக்குத் தண்டிக்கத் தெரியாது. முதல் கேள்வியில் சொன்னதுதான். அவளுக்குத் தெரிந்தது இவ்வளவே: வீட்டில் ஓர் ஆள் வந்திருக்கிறார், தொலைபேசியில் பார்த்த முகம், ஆனால் மணம் வேறு, குரல் பெரிதாக இருக்கிறது. தண்டிக்கிற குரல் உங்களுடையது. விட்டுப் போனேனே என்று இரண்டு வருடமாக உங்களையே திட்டிக்கொண்டிருந்தது, இப்போது அவள் கண்ணிலிருந்து வருவதாகத் தெரிகிறது.

அவளை அம்மம்மாவிடமிருந்து பிடுங்காதீர்கள். இரண்டு கிழமைக்கு நீங்களும் அம்மம்மாவும் ஒன்றாகக் குளிப்பாட்டி, ஒன்றாக ஊட்டுங்கள். அவளாக வருவாள். வரும்போது அழுது அடிக்கக்கூடும், அது நல்ல அறிகுறி.

"சொல்லவே வெக்கமா இருக்கு. சில நேரம் பிள்ளையைப் பார்த்தா வெறுப்பு வருது."

வினிக்கொட் 1949இல் வெளியிட்ட கட்டுரையில், ஒரு சாதாரணத் தாய் தன் குழந்தையை ஏன் வெறுக்கிறாள் என்று நீண்ட பட்டியலே போட்டார். பால் குடிக்கும்போது நோகவைக்கிறது, ஊதியமில்லாத வேலைக்காரி போல நடத்துகிறது, ஆசையோடு சமைத்ததைத் துப்பிவிட்டு மாமியிடம் நன்றாகச் சாப்பிடுகிறது, இந்த மாதிரி. வெறுப்பு தெரிவதும், தெரிந்தபடியே அதைப் பிள்ளை மேல் காட்டாமல் வைத்திருப்பதும் தாயின் பெலம் என்பது அவர் கருத்து. ஆபத்தானது தெரியாமல் இருப்பது. தெரியாத வெறுப்புத்தான் "இந்தப் பிள்ளைக்கு என்னைப் பிடிக்காது" என்று திரும்பி வருகிறது.

ஆனால் பிள்ளை பிறந்த முதல் மாதங்களில் வெறுப்போடு நித்திரையின்மை, சாப்பாடு இறங்காமை, பிள்ளையையோ தன்னையோ ஏதாவது செய்துவிடுவேனோ என்ற எண்ணம் வந்தால், அது பேறுகாலத்துக்குப் பின் வரும் மனச்சோர்வாக இருக்கலாம். அதற்கு மருந்து உண்டு, அன்றைக்கே வீட்டில் ஒருவரிடமும் மிட்வைப்பிடமும் சொல்ல வேண்டும்.

"கடைசியில எல்லாப் பழியும் தாயிலதானே போடுறீங்க?"

இந்தக் கோபம் நியாயமானது. உளப்பகுப்பாய்வு எழுத்தில் தகப்பனைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது, அந்தப் பழையவர்கள் பார்த்தது தாய்மாரைத்தான். என் கூட்டங்களிலும் பத்துக் கதிரையில் ஒன்பதில் அம்மாமார். அப்பா ஏற்றுவதும், அம்மம்மா ஏற்றுவதும் குறைவில்லை, கேள்வி கேட்க அவர்கள் வருவதில்லை, அவ்வளவுதான்.

அதோடு இது பழி சொல்லும் கதையும் இல்லை. பின்னால் போய்க்கொண்டே இருந்தால் ஒவ்வொரு அம்மாவுக்குப் பின்னாலும் ஒரு பிள்ளை நிற்கும். 2005இல் அலீசியா லீபர்மன் என்ற உளவியலாளரின் குழுவினர் ஃபிரைபர்க்குக்கு மறுபக்கம் ஒன்றை எழுதினார்கள். ஆவிகள் மட்டுமா வருகின்றன, தேவதைகளும் வருகிறார்கள் என்று. அடித்து வளர்த்த வீட்டிலும் ஒரு பெரியம்மா மாம்பழம் அரிந்து தந்திருப்பார். பிள்ளையைத் தடவும்போது உங்கள் கையில் அவரும் இருக்கிறார்.

"என்ட பிள்ளை உண்மையிலேயே பிடிவாதக்காரனா இருந்தா? எல்லாமே என்ட கற்பனையா?"

இருக்கலாம். தோமஸ், செஸ் என்ற மனநல மருத்துவர் இருவர் 1956இல் நியூயோர்க்கில் தொடங்கிய நீண்ட ஆய்வில், பிறவியிலேயே குணப்போக்கு வேறுபடுவதைக் கண்டார்கள். பத்துக்கு ஒரு பிள்ளை கடினமான வகை: நித்திரை ஒழுங்கில்லை, புதியது பிடிக்காது, அழுகை பலம். அது யாருடைய ஆவியும் இல்லை. பெரும்பாலும் இரண்டும் கலந்திருக்கும், புறத்தெறிதல் மாட்டிக்கொள்ள ஓர் ஆணி தேடும், பிள்ளையின் பிடிவாதம் அந்த ஆணி. பிடிவாதக்காரன் என்று தெரிவது பார்வை. "என்னை அழிக்கவே பிறந்தவன்" என்பதில் வேறு யாரோ இருக்கிறார்கள். பேச்சுப் பிந்துகிறது, கூப்பிட்டால் திரும்புவதில்லை என்றால் முதலில் டொக்டரிடம் காட்டுங்கள். இந்தப் பக்கத்தை வைத்து அதை விளக்க வேண்டாம்.

"இது வெள்ளைக்காரர் கதை. ஆதாரம் இருக்கா?"

ஃபிரைபர்க்கின் கதை சில குடும்பங்களைப் பார்த்து எழுதியது, கணக்கெடுப்பு இல்லை. ஆனால் 1991இல் பீட்டர் ஃபொனகி என்ற உளவியலாளரின் குழுவினர் லண்டனில், முதல் பிள்ளை சுமந்துகொண்டிருந்த பெண்களிடம் அவர்களுடைய சிறுவயதைப் பற்றி நேர்காணல் செய்தார்கள். பிள்ளைக்கு ஒரு வயதானபோது தாயோடு அதற்குள்ள பிணைப்பு பாதுகாப்பானதா என்று தனியாகப் பார்த்தார்கள். நான்கில் மூன்று பேரில், பிறக்க முன் சொன்ன கதையிலிருந்தே பிள்ளையின் பிணைப்பை ஊகிக்க முடிந்தது. அவர்கள் அளந்தது சிறுவயது எவ்வளவு கெட்டது என்பதையல்ல, அதை எவ்வளவு கோர்வையாக, மறைக்காமல் சொல்ல முடிகிறது என்பதை. வாப்பாவின் பெல்ட் கேள்விக்கு எழுதியதற்கு இது கிட்ட வருகிறது.

எங்களுக்குப் பொருந்துமா என்றால், முழுதாக இல்லை. இந்தக் கோட்பாடுகள் ஒரு தாய், ஒரு பிள்ளை, ஒரு மூடிய அறை என்று கற்பனை செய்கின்றன. எங்கள் பிள்ளைக்கு மடி நாலைந்து. ஒருவர் "சனியன்" என்றால் இன்னொருவர் "என்ட கிளி" என்பார், அது பெரிய காப்பு. எல்லா மடியும் ஒரே சொல்லைச் சொல்லத் தொடங்கினால் தப்ப இடமில்லை, அதுவும் எங்களுக்கே உரிய ஆபத்து.

"அம்மாட்ட இதையெல்லாம் எப்படிச் சொல்றது? வீடும் அவங்கட, வாயும் அவங்கட."

விரிவுரை வேண்டாம். "அம்மா, நான் சின்னதில எப்படி இருந்தன்?" என்று கேளுங்கள். பிறகு, "நீங்க சின்னதில?" அறுபது வயதுக்காரர் ஒருவரிடம் இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்கும் ஆள் உலகத்தில் அநேகமாக இல்லை. 1978 சூறாவளியில் தொடங்கி இரவு முழுக்கப் பேசியவர்கள் இருக்கிறார்கள். பேசி முடித்த அடுத்த நாள் பேரனைத் திட்டுவது குறைந்திருந்தது என்று ஒரு மகள் சொன்னாள். ஒரு கிழமை கழித்துப் பழையபடி தொடங்கியது என்றும் சொன்னாள்.

"சரி, யாரிட்டப் போறது? பிள்ளைக்கு ஒன்பது வயசாயிட்டு, பிந்திட்டா?"

ஒன்பது வயதில் பிள்ளையிடமே பேசலாம், அது இலாபம். "உன்னை அடிக்கடி கள்ளன் எண்டு சொன்னனான். அது உன்னால வந்ததில்ல, என்ட பழைய கோபம்" என்று ஒரு தகப்பன் சொன்னார். மகன், "தெரியும்" என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டானாம்.

போவதற்கு: உங்கள் கிளினிக் மிட்வைப், பிரதேச செயலகத்திலுள்ள உளவளத்துணை உத்தியோகத்தர், மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை மனநலப் பிரிவு. அரச வைத்தியசாலையில் காசு கட்டத் தேவையில்லை. இரவில் தாங்க முடியாவிட்டால் தேசிய மனநல உதவி இலக்கம் 1926. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகத் தேவையில்லை, முதல் தடவை நீங்கள் மட்டும் போனால் போதும்.